முற்றுப்புள்ளி ஏன் முன்னால் போய் நிற்கிறது?

கேள்வி: இஸ்ரேலின் ஹைஃபா நகரில் உள்ள வாடிக்கையாளருக்கு ஹீப்ருவில் மின்னஞ்சல் அனுப்புகிறோம். மொழிபெயர்ப்பாளர் தருவதை அப்படியே ஒட்டி, வலப்பக்கம் ஒதுக்கியும் வைக்கிறேன். ஆனாலும் முற்றுப்புள்ளி வரியின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறது; தொலைபேசி எண் புரண்டு கிடக்கிறது. எழுத்துகளை நானே திருப்பிப் போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து திருப்பாதீர்கள். ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஹீப்ரு மின்னஞ்சலுக்கென 1993 டிசம்பரில் வெளியான ஆர்எஃப்சி 1555 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமே, படிக்கும் வரிசையில் அல்லாமல், திரையில் இடமிருந்து வலமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்துகளை வைப்பதைத்தான் இயல்பாகக் கொண்டது. இன்று அப்படி அனுப்பினால், கைப்பேசியின் குறுகிய திரையில் வரி மடங்கியவுடன் வாக்கியத்தின் பின்பாதி மேலேயும் முன்பாதி கீழேயும் வரும். தேடினாலும் ஒரு சொல் அகப்படாது.

உங்கள் எழுத்துகளில் பிழையில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோட் முறையில் ஹீப்ரு எழுத்து தானாகவே வலமிருந்து இடம் ஓடும். முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி, இடைவெளி ஆகியவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது. வரிக்கடைசியில் நிற்கும் புள்ளி பத்தியின் திசையைப் பார்த்து நடக்கும். நீங்கள் பத்தியை வலப்பக்கம் ஒதுக்கினீர்களே தவிர, அதன் திசையை மாற்றவில்லை. இரண்டும் வேறு வேறு. பலரும் இடறுவது இங்கேதான்.

ஜிமெயிலில் வலமிருந்து இடம் எழுதும் வசதியை அமைப்புகளில் இயக்கினால் அதற்கான பொத்தான் வரும். இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல் குறிமொழியில் அமைந்த வார்ப்புரு என்றால், திசையைச் சொல்லும் டிஐஆர் (dir) பண்புக்கு ஆர்டிஎல் (rtl) என்று மதிப்புக் கொடுங்கள். அதை, உள்ளடக்கம் முழுவதையும் சூழும் பாடி (body) குறியில் மட்டும் வைத்தால் போதாது; சில அஞ்சல் செயலிகள் அந்தக் குறியையே கழற்றிவிடும். உள்ளே பகுதி பிரிக்கும் டிவ் (div) குறியிலோ அட்டவணையிலோ கூட எழுதுங்கள்.

தொலைபேசி எண் இதற்கும் மசியாது. இலக்கங்கள் இடமிருந்து வலமாகவே ஓடும். ஆனால் நடுவிலுள்ள இடைவெளிகள் ஹீப்ருவின் பக்கம் சாய்வதால், 972 என்ற நாட்டுக் குறியீடு வலக்கோடியிலும் கடைசித் தொகுதி இடக்கோடியிலும் போய் அமரும். இலக்கத்தில் தொடங்கி, நடுவில் இடைவெளியோ சிறுகோடோ வந்து, ஆங்கில எழுத்தில் முடியும் ஆர்டர் எண்ணுக்கும் இதே கதிதான். எண்ணுக்கு முன்னால், கண்ணுக்குத் தெரியாத ‘இடமிருந்து வலம்’ குறி ஒன்றை வைத்தால் போதும், முழு எண்ணும் நேராகும். அதன் யூனிகோட் எண் 200E (கடைசியில் உள்ளது ஆங்கில எழுத்து). விண்டோஸ் வேர்டில் அதைத் தட்டி, ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் குறி விழும். எண்ணோடு சேர்த்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

தலைப்பு வரியில் எச்டிஎம்எல் செல்லாது. பல செயலிகள் முதல் எழுத்தைப் பார்த்தே திசையை முடிவு செய்கின்றன. ஆகவே ஆங்கிலத்தில் உள்ள நிறுவனப் பெயரை முதலில் போடாமல், ஹீப்ருச் சொல்லில் தொடங்குங்கள்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு நகல் அனுப்பிக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். ஹீப்ரு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு பத்தியின் கடைசி வரியிலும் முற்றுப்புள்ளி இடக்கோடியில் இருக்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.