நாமக்கல்லில் தங்கி, பின்னால் இரண்டு பை மாட்டிய சைக்கிளில் கொல்லிமலை ஏறி இறங்க முடியுமா? முன்னால் 50/34 (50 பல், 34 பல் என இரண்டு சக்கரம்), பின்னால் 11-28 (11 முதல் 28 பல் வரை) கியர் போதுமா?

கேள்வியோடு சேர்த்து "70 கொண்டை ஊசி வளைவுகள்தான் பயமாக இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டியது வளைவுகளுக்கு அல்ல. ஏறும்போது உங்கள் கியர், இறங்கும்போது உங்கள் பிரேக், இந்த இரண்டும்தான் தொல்லை தரும். உங்களிடம் உள்ள மிக லேசான கியரான 34/28 (முன்னால் 34 பல், பின்னால் 28 பல்) உங்களுக்குப் போதாது.

"ஒற்றைக் கியர் வண்டியிலேயே ஆட்கள் ஏறுகிறார்கள்" என்று கீழே யாராவது எழுதத்தான் போகிறார்கள். ஏறுகிறார்கள், மறுக்கவில்லை. அவர்கள் 12 கிலோ சுமையோடு ஏறுவதில்லை, மறுநாள் வண்டி ஓட்ட வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஆள், வண்டி, பை எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 34/28-ல் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 2.55 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் மணிக்கு 9 கி.மீ. சராசரியை விடச் செங்குத்தான 6 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்துக்குச் சுமார் 168 வாட் வேண்டும். வாரக் கடைசியில் மட்டும் ஓட்டுபவரால் அதை இரண்டு மூன்று மணி நேர ஏற்றத்தில் திரும்பத் திரும்பக் கொடுக்க முடியாது. அதனால் சுற்று 60-லிருந்து 45-க்கு விழும், பாரம் முழுவதும் முழங்காலில் இறங்கும். 34/34 என்றால் அதே 60 சுற்றுக்கு 138 வாட் போதும். முன்னால் 30 பல் இருந்தால் 122. காற்றுத்தடையை இதில் சேர்க்கவில்லை, இந்த வேகத்தில் அது பெரிய கணக்கில்லை.

ஆகவே பின்னால் உள்ள பல்சக்கர அடுக்கை, அதாவது கேசட்டை, 11-34 ஆக்குங்கள். இங்கேதான் பல கடைகளில் அரைகுறை வேலை பார்ப்பார்கள். கேசட்டை மட்டும் மாற்றிவிட்டு "ஓகே சார்" என்பார்கள். உங்கள் பின் டெரெய்லர் (செயினைப் பல் விட்டுப் பல் மாற்றும் கருவி) குட்டைக் கூண்டு வகையாக, அதாவது அதன் தொங்கும் கை குட்டையாக, இருந்தால் 34 பல்லை அது தாங்காது, நீளக் கூண்டு வகை வேண்டும். செயினும் சில கண்ணிகள் நீளமாக வேண்டும். பழைய செயினையே போட்டுவிட்டால், முன்னால் பெரியது பின்னால் பெரியது என்று கவனமில்லாமல் மாற்றும் ஒரு நொடியில் செயின் விறைத்து டெரெய்லரை, அதை வண்டியோடு பிடித்திருக்கும் ஹேங்கரோடு பிய்த்துவிடும். கடையை விட்டுக் கிளம்பும் முன், வண்டியைத் தொங்கவிட்டு அந்தப் பெரியது-பெரியது சேர்க்கையை மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். டெரெய்லர் கை முழுக்க முன்னோக்கி இழுபட்டு நின்றால் செயின் குட்டை.

வழி: நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி. ஏறத்தாழ 25 கி.மீ., பெரும்பாலும் சமதளம். காலை ஆறரைக்குள் காரவள்ளி அடிவாரத்தில் இருங்கள். மார்ச் முதல் மே வரை கீழ்ப்பகுதி வெயில் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும், மூடுபனி வேறு. தை, மாசி நல்ல காலம். ஆடி 17, 18-ல் வல்வில் ஓரி விழா, மலை முழுக்கக் கூட்டம், வாகனம். சைக்கிளுக்கு அந்த வாரம் வேண்டாம்.

காரவள்ளியில் 3 லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் கடை இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். தின்பண்டத்தை ஹேண்டில் பையில் திறந்து வைக்க வேண்டாம், வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். வாழைப்பழத்தை எடுக்க நீங்கள் வண்டியை நிறுத்துவதற்குள் அவை எடுத்துவிடும்.

மேலே சோளக்காடு, செம்மேடு வரை 20 கி.மீ.க்கு மேல் ஏற்றம். சராசரி சாய்வு 4 சதவீதத்தை ஒட்டித்தான் வரும். ஆனால் வளைவின் உள்ஓரத்தில் அது இரட்டிப்பாகும், ஏனென்றால் உள்ளே தூரம் குறைவு, ஏற வேண்டிய உயரம் அதேதான். நாம் இடப்பக்கம் போவதால், இடது வளைவுகளில் எப்போதும் அந்தச் செங்குத்தான பக்கம்தான் கிடைக்கும். வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். உள்ளே போனபின் மிதிக்கிற அழுத்தத்தோடு மாற்றினால் செயின் நழுவும். மேலே வண்டிச் சத்தம் இல்லையென்றால் ஒன்றரை மீட்டர் வெளியே தள்ளி எடுங்கள், கால் உடனே வித்தியாசம் சொல்லும்.

வலது வளைவில் ஏற்றம் லேசு, ஆபத்து அதிகம். மேலிருந்து வரும் பஸ்ஸுக்கு உள்ஓரத்தில் திரும்ப இடம் போதாது, அதனால் அகல வாங்கி உங்கள் பாதிக்கு வந்து திரும்பும். மலையில் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று விதி இருக்கிறது. சைக்கிளுக்கும் அது பொருந்தும் என்று யாரும் நினைப்பதில்லை. ஹாரன் கேட்டால் வளைவுக்கு முன்பே ஓரத்தில் காலூன்றி நில்லுங்கள், வளைவின் நடுவில் நிற்காதீர்கள்.

பைகள் இரண்டும் பின்னால் மட்டும் என்றால் மொத்தம் 12 கிலோவைத் தாண்ட வேண்டாம். கனமானதை அடியில், பெடல் பக்கம் வையுங்கள். குதிகால் இடிக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். பின்பாரம் மிஞ்சினால் மெதுவாக ஏறும்போது முன்சக்கரம் லேசாகி அலையும். கேரியரின் எம்5 போல்ட்டுகள் அதிர்வில் கழன்று விழும், இரண்டு உபரி போல்ட் போதும்.

டயர் 35 முதல் 40 மி.மீ. 38 என்றால் காற்றழுத்தம் பின்னால் 50 பி.எஸ்.ஐ., முன்னால் 42 அளவில் வையுங்கள். நாமக்கல் லாரி ஊர். பழைய லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய இரும்புக் கம்பிதான் சாலையோரம் முள்ளை விடப் பெரிய எதிரி. கண்ணுக்குத் தெரியாது, டயரின் உள்பக்கம் விரலைத் தடவினால்தான் குத்தும். பிடுங்க ஒரு முள்வாங்கி வேண்டும். கம்பியை எடுக்காமல் புது டியூப் போட்டால் பத்து நிமிடத்தில் அதுவும் போய்விடும். 700 அளவு டியூப் அடிவாரத்தில் கிடைக்கும் என்று எண்ணாமல் இரண்டு கொண்டுபோங்கள். பிரெஸ்டா வால்வு (மெல்லிய வகை) என்றால் சாதாரண பம்ப்பில் காற்றடிக்கப் பித்தளை அடாப்டர் ஒன்றும் வேண்டும்.

செம்மேட்டில் தங்கினால், அறப்பளீஸ்வரர் கோயிலையும் ஆகாய கங்கையையும் மறுநாள் காலைக்கு வையுங்கள். அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி, அதையெல்லாம் திரும்ப ஏற வேண்டும். ஏற்றம் முடித்த கால்களோடு, அதுவும் அடியில் கிளீட் (பெடலில் மாட்டும் கட்டை) உள்ள ஷூவோடு, ஈரப் படியில் இறங்காதீர்கள். ரப்பர் செருப்பு எடுத்துப் போங்கள்.

தங்குவது பற்றி ஒரு ஆதங்கம். காருக்கு நிழலில் இடம், பைக்குக்கு ஷெட், சைக்கிள் மட்டும் வெளியே கேட்டருகே நிற்க வேண்டும் என்று சொல்லும் விடுதிகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒரு லட்ச ரூபாய் வண்டி என்று சொன்னாலும் சிரிப்பார்கள். அறையெடுக்கும் முன் போனில் கேட்டு, "உள்ளே வைக்கலாம்" என்ற உறுதியை, சொன்னவர் பெயரோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இனி இறக்கம். 100 கிலோ 900 மீட்டர் இறங்கினால் சுமார் 880 கிலோஜூல் வெளியேற வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம் அது. வேகமாகப் போனால் காற்று ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். பயந்து பயந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் கிட்டத்தட்ட எல்லாம் பிரேக்கில்தான். ரிம் பிரேக்கில் ரிம் கொதித்து டியூப் காற்று விரியும், பஞ்சர் ஒட்டிய பசை இளகும். டிஸ்க் பிரேக்கில் பேடின் மேல் கண்ணாடி போல் படலம் படிந்து பிடி குறையும்.

வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போகும்போது விடுங்கள், நேர் சாலையில் முழுக்க விடுங்கள். 15 வளைவுக்கு ஒரு முறை ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். வளைவு எண் பலகை இருப்பதால் கணக்கு வைப்பது சுலபம். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணும். ரிம் பிரேக் என்றால் முந்தின இரவு பேடைக் கழற்றிப் பாருங்கள். கல் துகளோ பளபளக்கும் அலுமினியச் செதிலோ பதிந்திருந்தால் ஊசி முனையால் நோண்டி எடுங்கள், இல்லையென்றால் அது ரிம்மை இழைத்துவிடும். கேபிள் டிஸ்க்கில் பேட் தேயத் தேய லீவர் உள்ளே போகும். பாதி மலையில் அட்ஜஸ்டரை ஒரு கிளிக் திருப்ப வேண்டியிருக்கும், அதற்கான அலன் கீ பையின் அடியில் இருக்கக் கூடாது.

வந்த வழியே இறங்க மனமில்லையென்றால் முள்ளுக்குறிச்சிப் பக்கம் மாற்றுப் பாதை உண்டு. திறந்திருக்கிறதா என்று செம்மேட்டில் பஸ் டிரைவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் தொட்டு, நான்குவழிச் சாலைக்குப் போகாமல் பேளுக்குறிச்சி வழியாகச் சேந்தமங்கலம் வந்தால் லாரித் தொல்லை குறைவு. நாமக்கல் கோட்டையையும் நரசிம்மர் குடைவரையையும் அன்று மாலையே சேர்க்காமல் கடைசி நாளுக்கு விடுங்கள், பாறையில் ஏறவும் கால் வேண்டும்.