போர் தண்ணீரில் சோப்பு ஏன் நுரைப்பதில்லை, நுரை எப்படித்தான் உண்டாகிறது?

வடசென்னையின் தண்டையார்பேட்டைக்குப் புதிதாகக் குடிவந்தவர் கேட்டிருப்பது இது: மெட்ரோ தண்ணீரில் நன்றாக நுரைக்கும் அதே சோப்பு, வீட்டுப் போர் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் நுரைப்பதில்லை, நுரை எப்படி உண்டாகிறது, சோப்பை மாற்றினால் சரியாகிவிடுமா? ராயபுரத்தில் வளர்ந்து, பள்ளி மாணவர்களுக்கு வேதியியல் சொல்லித்தரும் எனக்கு இது மிகவும் நெருக்கமான கேள்வி. குறை சோப்பில் இல்லை. நுரைக்க வேண்டிய சோப்பை அதற்கு முன்பே தண்ணீர் தின்றுவிடுகிறது.

எண்ணெய், கொழுப்பு ஆகியவற்றின் மூலக்கூறில் ஒரு கிளிசராலோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் பிணைந்திருக்கும். காஸ்டிக் சோடா கரைசலைச் சேர்க்கும்போது அந்தப் பிணைப்புகள் அறுந்து கிளிசரால் தனியே பிரிய, கொழுப்பு அமிலங்கள் சோடியத்தோடு சேர்ந்து உப்பாகின்றன. அந்த உப்புதான் சோப்பு. கொழுப்பின் இந்த அமைப்பை விளக்கி பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல் 1823இல் நூல் வெளியிட்டார். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா தேவை.

சோப்பு மூலக்கூறின் ஒரு முனை மின்னூட்டம் கொண்டது, ஆகவே நீரை விரும்பும்; மற்ற பகுதி 12 முதல் 18 கார்பன் வரை நீளும் சங்கிலி, அது நீரை விட்டு விலகி எண்ணெயோடு சேரும். நீருக்குள் இருக்க விரும்பாத இந்த வால், மூலக்கூறை நீரின் பரப்புக்குக் கொண்டுவந்து, தலை நீரிலும் வால் காற்றிலுமாக நிறுத்திவிடுகிறது. அப்படிப் பரப்பு முழுவதும் சோப்பு அடைந்துவிட்டால், தூய நீரில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனாக இருக்கும் பரப்பு இழுவிசை (பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ள இழுக்கும் விசை) 25 முதல் 30 வரை இறங்கிவிடும். நீர்ப்பரப்பில் படியும் இத்தகைய மெல்லிய படலங்களை முறையாக அளக்க முதன்முதலில் வழி கண்டவர்களில் ஒருவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஆக்னஸ் பாக்கல்ஸ். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத அந்தப் பெண், தம் வீட்டுச் சமையலறையிலேயே சோதனைகளைச் செய்து, முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவருடைய பரிந்துரையால் அந்தக் கடிதம் 1891இல் நேச்சர் அறிவியல் இதழில் வெளிவந்தது. பாத்திரம் துலக்கும் தண்ணீரைக் கூர்ந்து பார்த்தவரிடமிருந்து இந்த அறிவியலின் ஒரு பெரும்பகுதி தொடங்கியது என்பதை என் மாணவிகளிடம் நான் தவறாமல் சொல்வதுண்டு.

பரப்பு இழுவிசை குறைவதால் குமிழி வருகிறது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். எத்தனாலின் பரப்பு இழுவிசை சோப்புக் கரைசலைவிடக் குறைவு, சுமார் 22. ஆனாலும் அதைப் பாட்டிலில் எவ்வளவு குலுக்கினாலும் நிலைத்த நுரை கிடைக்காது. குமிழியின் சுவர் உண்மையில் மூன்று அடுக்கு: வெளியே ஒரு சோப்புப் படலம், உள்ளே ஒரு சோப்புப் படலம், இரண்டுக்கும் நடுவே நீர். காற்று பட்டோ நீர் கீழே வடிந்தோ சுவரின் ஓரிடம் மெலிந்து விரியும்போது அங்கே சோப்பு மூலக்கூறுகள் கலைந்து அடர்த்தி குறைகிறது, அதனால் அந்த இடத்தில் மட்டும் இழுவிசை கூடுகிறது, கூடிய இழுவிசை பக்கத்திலுள்ள பரப்பை நீரோடு சேர்த்துத் தன்னிடம் இழுத்து மெலிந்த இடத்தை மீண்டும் தடிமனாக்குகிறது. இத்தாலிய இயற்பியலாளர் மரங்கோனியின் பெயரால் அறியப்படும் இந்த விளைவுதான் குமிழியைக் காக்கிறது. இழுவிசை குறைவதைவிட, தேவைப்படும் இடத்தில் அது கூடிக் குறைவதே முக்கியம்.

குமிழி ஒன்றை உடையும் வரை உற்றுப் பாருங்கள். நீர் வடிய வடிய மேல்பகுதி மெலியும். சுவரின் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் பச்சையும் சிவப்புமாகப் பட்டைகள் கீழிறங்கும். கடைசியில் உச்சியில் நிறமே இல்லாத கருந்திட்டு தோன்றும். அந்த இடத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு மெல்லிய சுவரில் இரு பரப்புகளிலிருந்தும் திரும்பும் ஒளி ஒன்றையொன்று அழித்துவிடுகிறது. பெரும்பாலும் அடுத்த நொடி குமிழி உடைந்துவிடும்.

இனி உங்கள் போர் தண்ணீருக்கு வருகிறேன். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் ஒவ்வொன்றும் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்து, நீரில் கரையாத உப்பாக மாற்றிவிடுகின்றன. பக்கெட்டின் ஓரத்தில் தயிர் திரிந்தது போல ஒட்டுவதும், கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டாகப் படிவதும் அதுதான். நீரில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவையே கடினத்தன்மை என்கிறோம்; அதைக் கால்சியம் கார்பனேட் கணக்கில் சொல்வது வழக்கம். இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீர் இல்லாதபோது 600 வரை ஏற்கலாம். 600 உள்ள நீரில் 15 லிட்டர் பக்கெட் ஒன்றை எடுத்துக் கணக்கிட்டால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் தீர்வதற்கே ஏறத்தாழ 50 கிராம் தூய சோப்பு வேண்டும். அதற்கு மேல் போடுவதுதான் பரப்புக்கு வந்து நுரைக்கும். நுரை என்பது கணக்கு தீர்ந்தபின் மிஞ்சிய சோப்பு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிளார்க், நுரை நிற்கும் வரை சோப்புக் கரைசலைச் சேர்த்தே நீரின் கடினத்தன்மையை அளந்தார்.

நம் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கரையோர நிலத்தடி நீரை மிகுதியாக உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்திருக்கிறது; கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் கரிப்பதை நாக்கே சொல்லும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 400 மில்லிகிராம் கால்சியமும் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் இருப்பதோடு, சாதாரண உப்பும் சோப்பின் கரைதிறனைக் குறைத்து அதைப் பிரித்துத் தள்ளுகிறது. 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம் ஏறத்தாழ பாதியளவு உள்ள தேங்காய் எண்ணெய்ச் சோப்பு இதை ஓரளவு தாங்கும். கப்பலோட்டிகள் அதைப் பயன்படுத்தியது அதனால்தான்.

துணிதுவைக்கும் பவுடர் இங்கே நுரைப்பதற்குக் காரணம், அதிலுள்ளது சோப்பு அல்ல, சல்ஃபோனேட் என்னும் செயற்கை அழுக்குநீக்கி என்பதே. அதன் கால்சிய உப்பு அவ்வளவு எளிதில் வீழ்படிவதில்லை. அதற்கான மூலப்பொருளான லீனியர் அல்கைல் பென்சீன், நமக்குப் பக்கத்திலேயே, மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் ஆலையில் தயாராகிறது.

சோப்பை மாற்றுவதைவிட, சோப்புக்கு முன் தண்ணீரைச் சரிசெய்வதே மலிவு. துணிக்கு என்றால், மேலே சொன்ன பக்கெட்டுக்குக் கணக்குப்படி நீரற்ற வாஷிங் சோடா தூள் 10 கிராம் போதும், படிகமாக இருந்தால் 26 கிராம். கரைத்து அரை மணி நேரம் விட்டால் கால்சியம் சுண்ணாம்பாகப் படியும், மக்னீசியம் ஓரளவே நீங்கும். தெளிந்த நீரை இறுத்துவிட்டுப் பிறகு சோப்பைப் போடுங்கள். வாஷிங் சோடா காரமானது, குளிக்கும் நீரில் கலக்கக் கூடாது, பட்டுக்கும் கம்பளிக்கும் ஆகாது. தலைக்குச் சீயக்காயோ பூந்திக்கொட்டையோ தேய்க்கலாம். அவற்றில் இயற்கையாக உள்ள நுரைக்கும் பொருளான சப்போனின் கால்சியத்தோடு சேர்ந்து சோப்பைப் போலத் திரிவதில்லை. லாரித் தண்ணீரோ மெட்ரோ தண்ணீரோ ஒரு குடம் கிடைத்தால், அதைக் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளாமல் சோப்புப் போடும் கட்டத்திற்கே பயன்படுத்துங்கள்.