திதி தெரியாத அப்பா
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (கல்லூரி மாணவர், கும்பகோணம்): போரில் எதிரிகளாக இருந்தவர்கள் பிற்பாடு மனசார ஒன்றுசேர்ந்தது உண்மையில் எங்காவது நடந்திருக்கிறதா, இல்லை கதையில் மட்டும்தானா?

பதில்: நடந்திருக்கிறது தம்பி. எரிக் லோமாக்ஸ் என்று ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியானவர், பிறகு சயாம் (இன்றைய தாய்லாந்து) - பர்மா ரயில் பாதை போட்ட இடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். கைதிகள் ரகசியமாக ஒரு ரேடியோ செய்து வைத்திருந்தது பிடிபட்டதும் அவரை அடித்துக் கை எலும்பை உடைத்தார்கள், முகத்தில் தண்ணீரை ஊற்றி மூச்சுத் திணற வைத்தார்கள். அப்போது பக்கத்தில் நின்று கேள்விகளை மொழிபெயர்த்த ஜப்பானியர் நாகாசே தகாஷி. அந்தக் குரல் லோமாக்ஸை ஐம்பது வருஷம் விடவில்லை. நாகாசேயையும் அந்த அலறல் விடவில்லை. போர் முடிந்ததும் புதைகுழிகளைத் தேடிப் போன நேச நாட்டுக் குழுவுக்கு அவரே மொழிபெயர்ப்பாளராகப் போனார், அப்புறம் வாழ்நாள் முழுக்க, அந்த ரயில் பாதை போகும் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குத் திரும்பத் திரும்பப் போய் அங்கே ஒரு கோயிலும் கட்டினார். 1993-ல் குவாய் ஆற்றுப் பாலத்தருகே இருவரும் சந்தித்தபோது நாகாசே குனிந்து வணங்கி அழுதார். லோமாக்ஸ் அந்த இடத்திலேயே மன்னித்துவிடவில்லை. பிறகு ஜப்பானுக்குப் போனபோதுதான் மன்னித்தேன் என்று எழுதிக் கையில் கொடுத்தார். கடைசிவரை நண்பர்களாகவே இருந்து, 2011-ல் நாகாசேயும் 2012-ல் லோமாக்ஸும் காலமானார்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி பக்கம், பெயர் வேண்டாம் என்கிறார்): என் மாமியாருக்கு 88 வயது. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது, 1937-ல், அவருடைய அப்பா நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனார். ஜப்பான்காரன் வந்ததும் மணியார்டர் நின்றுவிட்டது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், சயாமுக்கு ரயில் போடப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொன்னதோடு சரி. கடைசி மணியார்டர் துண்டுச்சீட்டை மாமியார் இன்னும் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறார். இப்போது என் மகள், சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும் ஜப்பானியப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்கிறாள். நல்ல பையன்தான். அவனுடைய கொள்ளுத்தாத்தாவும் பர்மாச் சண்டைக்குப் போய்த் திரும்பவில்லையாம். அப்பாயி மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "எண்பது வருஷத்துக்கு முன்னால நடந்ததுக்கு அவர் என்ன பண்ணுவார்?" என்று மகள் கேட்கிறாள். நான் யாரைச் சமாதானப்படுத்துவது?

பதில்: மகள் கேட்பது நியாயம்தான் அம்மா, ஆனால் அதை அப்பாயியிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்களுக்குத்தான் அது எண்பது வருஷத்துக்கு முந்தைய சங்கதி. அவருக்கு அது இன்னும் முடியவே இல்லை. சாவுச் செய்தி வரவில்லை, உடம்பு வரவில்லை, திதி தெரியாது, அவருடைய அம்மா பூவையும் பொட்டையும் எந்த நாளில் எடுத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தச் சயாம் - பர்மா ரயில் 415 கிலோமீட்டர் பாதை. 1943 அக்டோபரில் முடித்தார்கள். காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் வரிசை வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள், யார் போனாலும் தேடிப் போய் நிற்க ஓர் இடம் இருக்கிறது. அவர்களைவிடப் பல மடங்கு இறந்தவர்கள் ஆசியக் கூலிகள், அதில் மலேயாத் தோட்டத்துத் தமிழர்கள் எத்தனையோ பேர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் விழுந்தவர்களைக் கும்பலாகக் குழியில் தள்ளினார்கள், பெயர் எழுதி வைக்க ஆளில்லை.

சின்ன வயதில் எங்கள் தெருவில் நேதாஜி படையில் இருந்த பெரியவர் ஒருவர் இருந்தார். "ஜப்பான்காரன் நமக்குத் துப்பாக்கி கொடுத்தவன்டா" என்று திண்ணையில் ஆரம்பிப்பார். உடனே எதிர்வீட்டு ஆச்சி முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திவிடுவார். ஆச்சியின் தம்பி சயாமுக்குப் போனவர் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. பெரியவர் சொன்னதும் பொய்யில்லை, ஆச்சி கதவைச் சாத்தியதும் தப்பில்லை. அந்த இரண்டு பேரையும் யாராவது ஒருநாள் ஒன்றாக உட்காரவைத்துப் பேசவிட்டிருக்கலாமே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால் சொல்கிறேன். உங்கள் மகள் யாரைக் கட்டிக்கொள்வது என்பது அவள் முடிவு, அதைத் தடுக்க வேண்டாம். ஆனால் அப்பாயி மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்று யாரும் அவரை நெருக்கவும் வேண்டாம். லோமாக்ஸுக்கே ஐம்பது வருஷம் ஆனது, அதுவும் தவறு செய்தவரே நேரில் வந்து அழுத பிறகு.

முதலில் அப்பாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்யுங்கள். இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கிறது. கோடியக்கரை உங்களுக்குப் பக்கம்தான். பேரன் என்ற முறையில் உங்கள் கணவர் கையால் எள்ளும் தண்ணீரும் விடட்டும், அப்பாயியைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கடலில் கால் நனைய நிற்கவையுங்கள். அந்தக் கடலைத் தாண்டித்தானே அவருடைய அப்பா போனார். அன்று அந்தப் பையன் வரவேண்டுமா என்பதை அப்பாயியே சொல்லட்டும்.

அப்புறம் அவர் சரி என்று சொல்லும் ஒருநாளில் பையனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். பழத்தட்டெல்லாம் வேண்டாம், பெண் கேட்டு வந்த மாதிரி ஆகிவிடும். சும்மா வந்து தரையில் உட்கார்ந்து கேட்கட்டும். அப்பாயி திட்டினால் திட்டட்டும். மகள் அதை மழுப்பாமல் அப்படியே மொழிபெயர்த்துச் சொல்லவேண்டும். தகரப்பெட்டியைத் திறந்து அந்தத் துண்டுச்சீட்டைக் காட்ட அவருக்கே தோன்றினால் காட்டுவார், நீங்கள் கேட்காதீர்கள். பிறகு பையன் தன் வீட்டுக் கதையையும் சொல்லட்டும். போரில் மாண்ட ஜப்பானியச் சிப்பாய்கள் பலருடைய வீட்டுக்கு வந்தது ஒரு மரப்பெட்டிதான், அதற்குள் எலும்புக்குப் பதில் ஒரு கல்லோ பெயர் எழுதிய காகிதமோ இருந்தது. அவன் வீட்டுக்கு என்ன வந்தது என்று அப்பாயி கேட்டாலும் கேட்பார்.

அன்று மத்தியானம் அவர் சாப்பிட்டாரா என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.