அழையாமல் வந்த வானொலி நிலையம்

கேள்வி: டிசம்பர் முற்பகலில் என் எஃப்.எம். பெட்டியில் வெளிநாட்டு நிலையம் ஒன்று பத்து நிமிடம் தெளிவாகக் கேட்டுவிட்டு மறைந்தது. பெட்டியில் பழுதா?
- வாசகர், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: பழுதில்லை, கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். சுமார் 100 கி.மீ. உயரத்தில் எதிரெதிராக வீசும் காற்றுகள், எரிகற்கள் உதிர்த்த இரும்பு, மக்னீசிய அயனிகளைக் காந்தப்புலத்தின் துணையோடு மெல்லிய தகடாக நெருக்கும்போது உருவாகும் 'இடையிடை ஈ அடுக்கு', வழக்கமாக விண்வெளிக்குத் தப்பிவிடும் எஃப்.எம். அலைகளையும் ஆயிரம் கி.மீ.க்கு அப்பால் திருப்பி அனுப்பும். நம் தீவில் கோடையே இதற்குரிய பருவம்.

காந்த நடுக்கோட்டில் கதை வேறு. அங்கே காந்தக் கோடுகள் கிடையாக இருப்பதால் காற்றால் அயனிகளை எளிதில் அடுக்க முடியாது. அவ்வுயரத்தில் ஓடும் பகல்நேர மின்னோட்டத்தில் எழும் ஒழுங்கின்மைகளே அடுக்காகத் தென்பட்டு, பொழுது சாய்ந்ததும் மறைகின்றன. 1963-இல் இந்தியா தன் முதல் ராக்கெட்டை ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததற்கும் அக்கோட்டின் அண்மையே காரணம்.