நெற்றிப்பட்டை வலிப்பை முன்பே சொல்லுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. இரண்டு முறை வலிப்பு வந்து, இப்போது மாத்திரை சாப்பிடுகிறாள். தியானத்துக்கென்று விற்கும் நெற்றிப்பட்டை ஒன்று மூளை அலைகளை போனிலேயே காட்டுமாம். அதை மாட்டிவிட்டால் வலிப்பு வருவது முன்பே தெரியுமா?

பதில்: தெரியாது. மியூஸ் போன்ற பட்டைகள் எடுப்பது நிஜமான இ.இ.ஜி.தான் (மூளையின் மின் அலைகளைப் பதிவது), பொம்மை என்று ஒதுக்க மாட்டேன். ஆனால் அதில் நெற்றியில் இரண்டு, காதுக்குப் பின்னால் இரண்டு என நான்கு இடங்களில்தான் பதிவு. மருத்துவமனையில் தலை முழுக்கச் சுமார் 20 இடங்களில் பதிவு முனைகளை ஒட்டுவோம். உச்சந்தலைப் பக்கம் தொடங்கும் கோளாறு பட்டைக்குத் தெரியாமலே போகலாம்.

இன்னொன்று, தலைத்தோலுக்கு வந்து சேரும் மூளையின் மின்சாரம் ஒரு வோல்ட்டை பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான். கண் இமைத்தாலே அதைவிடப் பெரிய அலை எழும். சோதனைக்கு எண்ணெய் வைக்காமல் தலைக்குக் குளித்துவிட்டு வரச் சொல்வதும் இந்தச் சின்ன மின்சாரத்துக்காகத்தான். வீட்டில் பட்டையை மாட்டிக்கொண்டு பிள்ளை முறுக்கு மென்றால் போனில் கோடு தாறுமாறாக ஆடும். அது வலிப்பா முறுக்கா என்று செயலி சொல்லாது, நீங்கள்தான் பயந்துபோவீர்கள்.

எனக்குப் பெரிய பயம் வேறு. இரண்டு வலிப்புக்கு நடுவில் எடுத்தால் மருத்துவமனை இ.இ.ஜி.யே பல சமயம் நார்மலாக இருக்கும். பட்டை நன்றாகக் காட்டுகிறதே என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

மணிக்கட்டுக் கருவி வேறு ரகம். 2018இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ.வின் அனுமதி பெற்ற எம்பிரேஸ் மூளையைப் பார்ப்பதே இல்லை. கையின் உதறலையும் தோலின் மின்கடத்தலில் வரும் மாற்றத்தையும் வைத்து, கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பு தொடங்கியபின் வீட்டாருக்குத் தகவல் அனுப்பும். தனியறையில் தூங்கும் பிள்ளைக்கு உதவும். கண் நிலைகுத்தி நிற்கும் வகையை அது பிடிக்காது.

சரி, வீட்டில் என்ன செய்வது? அடுத்த முறை வந்தால் ஒருவர் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும், இன்னொருவர் முகமும் இரண்டு கைகளும் தெரிய வீடியோ எடுக்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்பதெல்லாம் எங்களுக்கு அந்தப் பட்டையைவிட அதிகம் சொல்லும். அப்புறம் ஒரு நோட்டில் தேதி, முந்தைய இரவுத் தூக்கம், தவறிய மாத்திரை, மாதவிடாய் நாள் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். கையில் சாவி திணிக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். 5 நிமிடம் தாண்டினால் 108ஐக் கூப்பிடுங்கள்.