பயிற்சிக்குத் தனிக் கட்டணம் கேட்கும் மென்பொருள் நிறுவனம்: கட்டித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: நானும் வேறு இரண்டு மருத்துவர்களும் சேர்ந்து ஒரு கிளினிக் நடத்தி வருகிறோம். நோயாளிகளின் பதிவு, மருந்துச் சீட்டு, பில் என அனைத்தையும் கணினிக்குக் கொண்டுவர ஒரு மென்பொருள் வாங்கினோம். டெமோ காட்ட வந்த விற்பனைப் பிரதிநிதி, “உங்கள் ஊழியர்கள் நன்றாகப் பழகும்வரை நாங்கள் கூடவே இருப்போம்” என்றார். அதையே மின்னஞ்சலிலும் எழுதினார். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் “நிறுவுதலும் தொடக்கப் பயிற்சியும் உரிமக் கட்டணத்தில் அடங்கும்” என்ற ஒரு வரி மட்டுமே இருக்கிறது. இப்போது பயிற்சிக்கென்று மணிக்கணக்குப் போட்டுத் தனி பில் வந்திருக்கிறது. புதிதாகச் சேர்ந்த ரிசப்ஷன் ஊழியருக்குச் சொல்லிக் கொடுத்ததற்கும், அப்டேட்டுக்குப் பிறகு மாறிப்போன திரைகளை விளக்கியதற்கும்கூடக் கட்டணம் கேட்கிறார்கள். ஆதரவு மையத்தில் புகார் செய்தால், “பழுது இல்லை, பயனருக்குப் பயிற்சி தேவை” என்று குறித்து டிக்கெட்டை மூடிவிடுகிறார்கள். பணம் கட்டாவிட்டால் லாகினை நிறுத்துவோம் என்று கடிதமும் வந்துவிட்டது. கட்ட வேண்டுமா? ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு வேறு மென்பொருளுக்கு மாறலாமா?

பதில்: முதலில், உங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்குத் தனிக் கட்டணம் வாங்குவது பொதுவாகத் தன்னளவில் சட்டவிரோதம் ஆகாது. மென்பொருளுக்கு ஒரு விலை, கற்றுக் கொடுப்பதற்கு ஒரு விலை என்று பிரித்து விற்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த இரண்டாவது விலை உங்களுக்குக் கையெழுத்துக்கு முன்பே தெரிவிக்கப்பட்டதா, நீங்கள் அதற்கு ஒப்புக்கொண்டீர்களா என்பதும், ‘பயிற்சி’ என்ற பெயரில் பில்லில் ஏறியிருப்பவை உண்மையிலேயே பயிற்சிதானா என்பதும் வேறு கேள்விகள். உங்கள் வழக்கின் பலம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் பெரிதும் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பந்தம் என்பது நீங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாள்களோடு முடிந்துவிடுவதில்லை. விலைப்புள்ளி, ஆர்டர் படிவம், பொது நிபந்தனைகள், அவற்றின் இணைப்புகள், நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் கட்டண அட்டவணை ஆகிய அனைத்தையும் ஒன்றாக வைத்துப் படியுங்கள். இவை ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது மேலோங்கும் என்று சொல்லும் ஷரத்து பெரும்பாலான ஒப்பந்தங்களில் இருக்கும். “அவ்வப்போது நடைமுறையில் உள்ள கட்டண அட்டவணைப்படி கூடுதல் சேவைகளுக்குக் கட்டணம் விதிக்கப்படும்” என்ற ஒரு வரி எங்காவது இருந்தால், நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். படிக்காமல் கையெழுத்திட்டேன் என்ற வாதம் எடுபடாது. சிகரெட் விற்பனை இயந்திரம் வாங்கிய ஒரு பெண்மணி, பொடி எழுத்து நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்திட்ட வழக்கில், கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தும் என்று 1934ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளில் அந்த விதி இன்றும் செல்லுபடியாகிறது.

ஆனால் அந்தக் கட்டண அட்டவணை கையெழுத்துக்குப் பிறகு, முதல் பில்லோடு மட்டுமே உங்களுக்கு வந்து சேர்ந்திருந்தால் நிலைமை வேறு. 1987ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் விசாரித்த இன்டர்ஃபோட்டோ வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு விளம்பர நிறுவனம் 47 புகைப்படச் சிலைடுகளை வாடகைக்கு வாங்கியது. கூடவே வந்த டெலிவரி சீட்டில், குறித்த நாளுக்குள் திருப்பித் தராவிட்டால் சிலைடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 5 பவுண்டு கட்ட வேண்டும் என்ற நிபந்தனை மற்ற நிபந்தனைகளோடு சேர்ந்து அச்சாகியிருந்தது. இவ்வளவு கடுமையான, வழக்கத்துக்கு மாறான நிபந்தனையை எதிர்த்தரப்பின் கவனத்துக்கு நியாயமான முறையில் கொண்டுவராததால் அதை அமல்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். அதேசமயம், சிலைடுகளை வைத்திருந்ததற்கு ஒன்றுமே தர வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சிலைடு ஒன்றுக்கு வாரத்துக்கு 3.50 பவுண்டு என்ற நியாயமான தொகையைக் கட்டச் சொன்னது.

இந்தத் தீர்ப்பின் இரண்டு பாதிகளும் உங்களுக்குப் பொருந்தும் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொன்னேன். கட்டண விகிதம் முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை என்றால் அந்த விகிதத்தை நீங்கள் மறுக்கலாம். ஆனால், தொடக்கப் பயிற்சி முடிந்த பிறகு, புதிய ரிசப்ஷன் ஊழியருக்காக நீங்களே கேட்டு ஒரு வகுப்பு நடத்தச் செய்திருந்தால், அது முழுவதும் இலவசம் என்று வாதிடுவது கடினம். இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்து கொடுத்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவு சொல்வது; இதையொத்த கோட்பாடு வேறு பல நாடுகளின் சட்டங்களிலும் உண்டு. நீங்கள் கேட்டு வாங்கிய அந்த வகுப்புக்கு நியாயமான ஒரு தொகையைக் கொடுத்துவிடுவதே முறை.

இனி ‘தொடக்கப் பயிற்சி’ என்ற அந்த ஒற்றை வரியைப் பார்ப்போம். எத்தனை மணி நேரம், எத்தனை பேருக்கு, எந்தத் தேதிவரை என்று எதுவும் இல்லாத நிலையில், பொருள் தெளிவற்ற ஒரு ஷரத்தை அதை எழுதியவருக்கு எதிராகவே பொருள்கொள்ள வேண்டும் என்ற கோட்பாடு உங்களுக்கு உதவும். உங்கள் கிளினிக்கின் அன்றாட வேலையை ஊழியர்கள் பிறர் துணையின்றிச் செய்யும் அளவுக்குப் பழக்கிவிடுவதே தொடக்கப் பயிற்சி என்று நீங்கள் வாதிடலாம். விற்பனைப் பிரதிநிதியின் மின்னஞ்சல் அதற்குத் துணை நிற்கும். இதற்கு நிறுவனம் சொல்லப்போகும் மறுமொழியும் தெரிந்ததுதான்: “இந்த ஒப்பந்தமே முழுமையானது, இதற்கு முன் பேசியது எதுவும் செல்லாது” என்ற ஷரத்தைக் காட்டும். அந்த ஷரத்து, முன்பு தந்த வாக்குறுதி ஒப்பந்தத்தின் பகுதியாக ஆவதைத் தடுக்குமே தவிர, பொய்யான கூற்றைச் சொல்லிக் கையெழுத்து வாங்கிய பொறுப்பிலிருந்து எப்போதும் காப்பாற்றிவிடாது. பி.ஸ்கை.பி. என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சி நிறுவனம் இ.டி.எஸ். என்ற கணினி நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2010ஆம் ஆண்டில் லண்டன் உயர் நீதிமன்றம் இதையே சொன்னது. திட்டத்தை எவ்வளவு காலத்தில் முடிக்க முடியும் என்று விற்பனையின்போது சொன்னது பொய் என்று நிரூபணமானதால், முழுமை ஷரத்து இருந்தும் அந்த நிறுவனம் தப்பவில்லை. அங்கே வேண்டுமென்றே சொல்லப்பட்ட பொய் நிரூபிக்கப்பட்டது. உங்கள் பிரதிநிதி மிகையாகப் பேசினார் என்பதை மட்டும் வைத்து அந்த அளவுக்குப் போக முடியாது. ஆனாலும் அந்த மின்னஞ்சலை அழித்துவிடாமல், தேதியும் அனுப்புநர் விவரமும் தெரியும்படி பத்திரப்படுத்துங்கள்.

அடுத்ததாக, அந்த பில்லை வரிவரியாகப் பிரியுங்கள். உங்கள் பக்கம் நியாயம் தெளிவாகத் தெரியப்போவது இந்த வேலையில்தான். ஒவ்வொரு அமர்வின் தேதிக்கும் நேராக அன்று கிளினிக்கில் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதுங்கள். வருகைத் தாளில் உங்கள் செவிலியர் ‘பயிற்சி’க்கு வந்ததாகக் கையெழுத்திட்டிருப்பார், ஆனால் அந்த நேரத்தின் பெரும்பகுதி, மருந்துச் சீட்டு அச்சாகாத பிரிண்டரோடு போராடுவதிலும், பழைய நோயாளிகளின் விவரங்கள் பெயர் மாறி ஏறியதைத் திருத்துவதிலும் கழிந்திருக்கும். அது நிறுவுதல் வேலை. உரிமக் கட்டணத்திலேயே அடங்கிவிட்டது. அதேபோல், மூடப்பட்ட டிக்கெட்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். பயனர் கையேட்டில் சொல்லியிருக்கிறபடியே செய்தும் மென்பொருள் அப்படி இயங்கவில்லை என்றால் அது பழுது. அதைச் சரிசெய்வது உத்தரவாதத்திலோ பராமரிப்பு ஒப்பந்தத்திலோ வரும். கையேட்டிலேயே அந்த வழிமுறை இல்லை என்றால் ஆவணக் குறை. கையேடு தருவது ஒப்பந்தக் கடமையாக இருந்தால் அதுவும் அவர்கள் பொறுப்பே. கையேட்டில் தெளிவாக இருந்தும் ஊழியர் அறியாமல் இருந்தால் மட்டுமே அதைப் பயிற்சிக் குறை என்று சொல்ல முடியும்.

அப்டேட் விஷயத்தில் என் கருத்து இன்னும் அழுத்தமானது. நீங்கள் கேட்காமலே, மறுக்கவும் வழியில்லாமல், நிறுவனம் தன் வசதிக்காகத் திரைகளை மாற்றுகிறது. நேற்றுவரை நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலேயே தெரிந்த மருந்து ஒவ்வாமை எச்சரிக்கை, இன்று வேறொரு பக்கத்துக்குள் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடிக் கண்டுபிடிக்கக் கற்றுக் கொடுப்பதற்கு, அதை இடம் மாற்றியவரே கட்டணம் கேட்பது நியாயமன்று. ஒப்பந்தத்தில் அப்படி வெளிப்படையாக எழுதியிருந்தாலொழிய அந்த வரியை நான் ஏற்கச் சொல்ல மாட்டேன். இது நோயாளியின் உயிரைத் தொடும் விஷயம் என்பதையும் உங்கள் கடிதத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

லாகினை நிறுத்துவோம் என்ற மிரட்டலுக்கு வருவோம். சேவையை நிறுத்திவைக்கும் ஷரத்தைப் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் தகராறு இல்லாத தொகை பாக்கியிருந்தால் மட்டுமே நிறுத்த முடியும் என்றும், பில்லின் மீதான ஆட்சேபத்தைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் இருக்கும். அந்தக் கெடு கடந்துவிடக் கூடாது. நோயாளிகளின் பதிவுகளைப் பணயமாக வைப்பதைச் சட்டங்கள் கடுமையாகவே பார்க்கின்றன. அமெரிக்காவில் நோயாளிகளின் மருத்துவத் தகவலைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்துக்கு 2016இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறை தந்த விளக்கம், கட்டணத் தகராறைக் காரணம் காட்டி மருத்துவமனையோ கிளினிக்கோ தன் நோயாளிகளின் தகவலை அணுக முடியாதபடி மென்பொருள் நிறுவனம் முடக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 28ஆம் பிரிவு, சேவை முடியும்போது தரவைத் திருப்பித் தருவதா அழிப்பதா என்று முடிவுசெய்யும் உரிமையை உங்களைப் போன்றவரிடமே விடுகிறது. உங்கள் ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பது அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும். அதைப் பார்த்து, உங்கள் பகுதி வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியைத் தனியாகக் கேளுங்கள். அதற்குள் பதிவுகளின் முழு நகலை, வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதை மட்டும் இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்கிறேன். பயிற்சிக் கட்டணத் தகராறு, ஒப்பந்தத்தின் அடித்தளத்தையே தகர்க்கும் மீறல் என்று நீதிமன்றம் கருதுவது அரிது. சரியான காரணமில்லாமல் நீங்கள் விலகினால், ஒப்பந்தத்தை மீறியவர் நீங்களாகிவிடுவீர்கள். மீதிக் காலத்துக்கான உரிமக் கட்டணம் முழுவதையும் அவர்கள் இழப்பீடாகக் கேட்க வாய்ப்புண்டு.

ஆகவே, உரிமக் கட்டணத்தையும் பராமரிப்புக் கட்டணத்தையும் தவணை தவறாமல் கட்டுங்கள். நீங்கள் கேட்டு நடந்த வகுப்புக்கு நியாயமெனக் கருதும் தொகையையும் கட்டி, “எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றிச் செலுத்தப்படுகிறது” என்று எழுதுங்கள். மற்ற வரிகளை எந்தக் காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்று தேதிவாரியாகக் குறிப்பிட்டு, அவற்றுக்கு ஆதாரமான ஒப்பந்த ஷரத்தையும், உங்களுக்கு முன்கூட்டித் தெரிவித்த கட்டண விகிதத்தையும் காட்டும்படி கேளுங்கள். ஆட்சேபம் எதுவும் சொல்லாமல் முந்தைய பயிற்சி பில் எதையாவது ஏற்கெனவே கட்டியிருந்தால், விகிதத்தை ஏற்றுக்கொண்டதற்கு அதையே சான்றாகக் காட்டுவார்கள் என்பதால், அந்த விவரத்தை உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்க வேண்டாம். கடிதத்தை, ஒப்பந்தத்தில் நோட்டீஸ் அனுப்புவதற்கென்று குறித்துள்ள முகவரிக்கே அனுப்புங்கள். ஆதரவு மையத்துக்கு அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் சட்டப்படியான நோட்டீஸாகக் கருதப்படாது.

ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் நெருங்கினால், பேரம் பேச உங்களுக்குக் கிடைக்கும் நல்ல வாய்ப்பு அதுதான். ஆண்டுக்கு இத்தனை மணி நேரப் பயிற்சி இலவசம், ஊழியர் மாறினாலும் அது பொருந்தும், அப்டேட் தொடர்பான விளக்கம் முழுவதும் நிறுவனத்தின் செலவு, பயிற்சி அமர்வைப் பதிவுசெய்து கிளினிக்குக்குள் மீண்டும் பயன்படுத்த அனுமதி, எழுத்துமூல ஆர்டர் இல்லாமல் எந்தக் கூடுதல் கட்டணமும் எழாது என்ற வாசகங்களை எழுதி வாங்குங்கள். இவற்றில் ஒன்றுக்குத்தான் அவர்கள் இணங்குவார்கள் என்றால், எழுத்துமூல ஆர்டர் பற்றிய கடைசி வாசகத்தையே கேட்டுப் பெறுங்கள்.