கிராணி பதில்கள்: மூன்று ஏக்கரும் ஒரு வண்டும்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எழுதி ஓய்வுபெற்ற கிராணி (தோட்டக் கணக்கர்), வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கே: அப்பா விட்டுச்சென்ற மூன்று ஏக்கர் ரப்பர் நிலம் இருக்கிறது. மரங்களுக்கு வயதாகிவிட்டது, கட்டிப்பால் (உறைந்த ரப்பர் பால்) விலையும் சரியில்லை. நான் ஈப்போவில் வேலை செய்கிறேன். சனி, ஞாயிறுதான் வர முடியும். எல்லோரும் செம்பனைக்கு (பாமாயில் தரும் எண்ணெய்ப்பனை) மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?
– வாசகர், லிந்தாங்

ப: எல்லோரும் என்றால் யார் ஐயா? கன்று விற்பவரும் உரக்கடைக்காரருமா? அல்லது உங்களோடு வந்து குலை வெட்டித் தோளில் சுமக்கப்போகிறவர்களா?

உங்கள் வேலை நாட்களை வைத்துப் பார்த்தால் செம்பனைதான் பொருந்தும், மறுக்கவில்லை. பால்மரம் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது ஆளைக் கூப்பிடும். செம்பனையில் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அறுவடை. நட்ட மூன்றாம் ஆண்டு குலை பார்த்துவிடலாம். ரப்பருக்கு ஐந்தாறு ஆண்டு காத்திருக்க வேண்டும்.

ஆனால் குலையை வெட்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெடும். மூன்று ஏக்கர் பழத்துக்காக ஆலை லாரி அனுப்பாது. இடையில் இருக்கும் வியாபாரிக்குத்தான் கொடுப்பீர்கள். அவர் போக்குவரத்துக்குக் கழிப்பார், பழுக்காத குலைக்குக் கழிப்பார், காம்பு நீளம் என்று கழிப்பார். நாளிதழில் படிக்கும் விலை வேறு, உங்கள் ரசீதில் இருக்கும் விலை வேறு. அந்த நாளிதழ் விலையும் நிலையானதில்லை: 2022 மார்ச்சில் கச்சா பாமாயில் டன் 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது, ஆறேழு மாதத்தில் ஏறக்குறைய பாதிக்கு இறங்கியது. உர விலை மட்டும் அதே வேகத்தில் இறங்கவில்லை.

நிலம் சாலையோரமாக, சமதளமாக இருந்தால் செம்பனை போடுங்கள். மேட்டு நிலமென்றால் ரப்பரையே மறுநடவு செய்யுங்கள். சரிவில் இருபது கிலோ குலையைத் தூக்கி இறங்கும் ஆளுக்கு நீங்கள் கொடுக்கும் கூலியிலேயே லாபம் கரைந்துவிடும். மலைச்சரிவில் பால்மரத்துக்குப் பாதிப்பங்குக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம்: விற்ற பணத்தில் பாதி வெட்டியவருக்கு, பாதி உங்களுக்கு. மழை நாளில் இருவருக்குமே ஒன்றுமில்லை, அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். பழைய மரத்தைச் சும்மா எரித்துவிடாதீர்கள். ரப்பர் மரப்பலகைக்கு நாற்காலி, மேசைத் தொழிலில் தேவை இருக்கிறது. இரண்டு மூன்று குத்தகைக்காரரிடம் விலை கேட்ட பிறகு பேசி முடியுங்கள்.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் ரிஸ்டா (ரப்பர் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு அமைப்பு) அலுவலகத்துக்குப் போங்கள். மறுநடவு உதவி பற்றி மரம் விழுந்த பிறகு கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ரப்பர் விற்பவருக்கு மலேசிய ரப்பர் வாரியத்தின் அட்டை வேண்டும். கட்டிப்பால் விலை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே விழும் மாதங்களில் ஊக்கத்தொகை கேட்க அந்த அட்டைதான் வழி. செம்பனைப் பழம் விற்க மலேசிய பாமாயில் வாரியத்தின் உரிமம் வேண்டும். இரண்டுக்குமே நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்பார்கள். கிராண்டில் (நிலப்பட்டாவில்) இன்னும் அப்பா பெயர்தானே? அப்படியென்றால் மரத்தைப் பற்றிய பேச்சே பிறகுதான். நில அலுவலகத்தில் சிறு சொத்துப் பங்கீட்டுக்கு மனுக் கொடுங்கள். அண்ணன் தம்பிகள் நல்ல முகத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கொடுத்துவிடுவது நல்லது.

கே: நான் சிறுமியாக இருந்தபோது என் அம்மா செம்பனைக் காட்டுக்குப் ‘பவுடர் அடிக்க’ப் போவார். பூவுக்கு எதற்குப் பவுடர், அந்த வேலை ஏன் நின்றது என்று என் பேரன் கேட்கிறான்.
– வாசகி, தெலுக் இந்தான்

ப: பேரனுக்கு என் வாழ்த்து அம்மா. இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். ஒரே மரத்தில் ஆண் பூக்குலையும் பெண் பூக்குலையும் வரும். ஆனால் ஒரே சமயத்தில் வராது. ஒரு மரத்தின் மகரந்தம் இன்னொரு மரத்தின் பெண்பூவுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் பூச்சியைக் கொண்டுவரவில்லை. காற்றே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். நம் ஊர் மழையில் காற்று அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை. ஆகவே அந்த வேலை உங்கள் அம்மா கைக்கு வந்தது.

ஆண்பூவை உலுக்கிச் சேர்த்த மகரந்தத்தை டால்கம் பவுடரில் கலந்து, பீய்ச்சும் புட்டியில் நிரப்பிக் கொடுப்பார்கள். பெண்பூ விரிந்து ஏற்கும் நிலையில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். எந்த மரத்தில் எது விரிந்திருக்கிறது என்று நிரை நிரையாகப் பார்த்துப் போக வேண்டும். மட்டையின் அடியில் இரு பக்கமும் முள். அதற்குள் கையை நுழைத்து, பாளையை விலக்கி, பூவின் எல்லாப் பக்கமும் படும்படி பீய்ச்ச வேண்டும். மாலையில் பெயர் கொடுக்க வரும் பெண்களின் முன்கை முழுவதும் கீறலாக இருக்கும். தலைத்துண்டு, புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்தக் கீறலுக்குச் செக்ரோலில் தனிப்பத்தி கிடையாது.

கேமரூன் நாட்டில் ஆராய்ந்த பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத், இந்த மகரந்தச் சேர்க்கையைச் செய்வது ஒரு சிறு கூன்வண்டு என்று காட்டினார். அரிசி மணியைவிடச் சிறியது. ஆண்பூவில் சோம்பு வாசனை வரும். வண்டு அதை மோந்து வந்து அங்கேயே தின்று, அங்கேயே முட்டையிடும். பெண்பூவும் அவ்வப்போது அதே வாசனையை விடும். ஏமாந்து உள்ளே போகிற வண்டு உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பும். 1981-இல் அந்த வண்டை மலேசியாவில் விட்டார்கள். சில ஆண்டுகளிலேயே பவுடர் புட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. காய்ப்பிடிப்பு கூடியது, குலை கனத்தது, முதலாளிக்குக் கூலி மிச்சமாயிற்று.

பவுடர் அடித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பேரன் அடுத்துக் கேட்பான். சிலர் உதிரிப்பழம் பொறுக்கப் போனார்கள். பலர் களைக்கொல்லி அடிக்கப் போனார்கள். முதுகில் தோம்பு (மருந்துத் தொட்டி), அதில் பாராகுவாட். ஒரு வாய் உள்ளே போனாலே உயிரை எடுக்கும் மருந்து அது. 2002-இல் தடை என்றார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரியில்தான் முழுமையாகத் தடை செய்தார்கள். முள் கீறல் எவ்வளவோ மேல் என்று அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

கே: பால் வெட்ட ஏன் விடியும் முன்பே போக வேண்டும்? பத்து மணிக்கு வெட்டினால் பால் வராதா?
– மாணவர், கோலகங்சார்

ப: வரும் தம்பி, குறைவாக வரும். இரவின் குளிர்ச்சியில் மரம் நீரை நிறைய வைத்திருக்கும். பட்டைக்குள் பாலைத் தள்ளும் அழுத்தம் அப்போதுதான் அதிகம். வெயில் ஏறி இலை நீரை இழுக்கத் தொடங்கினால் அழுத்தம் குறையும், பாலும் சீக்கிரம் உறைந்து நின்றுவிடும். நீங்கள் கோலகங்சார்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: நாட்டின் மிகப் பழைய ரப்பர் மரங்களில் ஒன்று உங்கள் ஊரில்தான் நிற்கிறது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளின் வழி வந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் போய்ப் பாருங்கள்.

கே: எங்கள் வீட்டருகே செம்பனைக் காட்டில் கம்பம் நட்டு ஆந்தைக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். இரவில் அலறுகிறது. குடும்பத்துக்கு ஆகாது என்று மாமியார் பயப்படுகிறார்.
– வாசகி, பீடோர்

ப: அது கூகை. வெள்ளை முகம், சத்தமில்லாத பறப்பு. செம்பனைப் பழத்தைக் கொறிக்கும் எலியைப் பிடிக்கத்தான் பெட்டி வைத்துக் குடியமர்த்துகிறார்கள். கூகை இருக்கும் காட்டில் எலி விஷம் அதிகம் தேவைப்படாது. கடும் விஷத்தைக் கொட்டினால் அதைத் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். எலி குறைந்தால் எலிச் சிறுநீரால் பரவும் காய்ச்சலும் குறையும். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். பயம் போகாவிட்டால் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளட்டும். பெட்டியைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

கே: என் அப்பாவுக்கு வயது 57. ஒரே தோட்டத்தில் 30 ஆண்டு வேலை. தோட்டத்தை விற்றுவிட்டார்கள். புதிய முதலாளிக்கு ஆள் வேண்டாமாம், லயத்து வீட்டை (தோட்டம் கொடுத்த வரிசை வீடு) காலிசெய்யச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போட்டால் 5,000 ரிங்கிட் தருவதாகப் பேச்சு.
– வாசகர், கோலகிள்ளான் அருகே ஒரு தோட்டம்

ப: கையெழுத்துப் போட வேண்டாம். இந்தப் பக்கத்தைக் கிழித்து அப்பா கையில் கொடுங்கள்.

பணிநீக்க, ஆட்குறைப்பு அனுகூல விதிமுறைகள் 1980 முதல் இருக்கின்றன. தோட்டம் கைமாறி, புதிய முதலாளி ஏழு நாளுக்குள் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தராவிட்டால், அது பணிநீக்கமாகவே கருதப்படும். ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஓராண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டுக்கு 600 நாள். கடைசி 12 மாதச் சம்பளத்தை 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு வரும். மாதம் 1,700 ரிங்கிட் வாங்கியவர் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 33,500 ரிங்கிட். இதோடு எட்டு வார முன்னறிவிப்பு, அல்லது அதற்கான சம்பளம். ஊழியர் சேமநிதி வேறு. அதை இதில் கழிக்க முடியாது. ஐயாயிரம் என்று யார் சொன்னது?

மறுத்தால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யுங்கள். பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுபோங்கள். சீட்டு இல்லையென்றால் சேமநிதி அறிக்கை போதும், எந்த ஆண்டிலிருந்து யார் செலுத்தினார்கள் என்று அதில் இருக்கும்.

வீட்டுக்குத்தான் என்னிடம் இனிப்பான பதில் இல்லை. லயத்து வீடு வேலையோடு ஒட்டியது; சட்டப்படி அப்பா பெயரில் இல்லை. மாற்று வீடு கிடைத்த இடங்களிலெல்லாம் லயத்து மக்கள் சேர்ந்து நின்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். தனித்தனியாகச் சாவியைக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது லாரி வாடகைதான்.

கே: நம் பிள்ளைகள் தோட்ட வேலைக்கு வரமாட்டோம் என்கிறார்கள். வங்காளதேசத்துக்காரர் மட்டும் செய்கிறாரே. சோம்பல்தானே காரணம்?
– வாசகர், தாப்பா

ப: இல்லை. குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் 900 ரிங்கிட், 2025 பிப்ரவரி முதல் 1,700. கூரைக்கு அடியில் தொழிற்சாலையிலும் அதே 1,700 கிடைக்கும்போது முள்ளுக்கும் பாம்புக்கும் நடுவே ஏன் போக வேண்டும்? வங்காளதேசத்துக்காரரின் பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. வருவதற்கு வாங்கிய கடனும் ஊரில் காத்திருக்கிறது. உங்கள் மகனால் வேலையை விட்டுப் போக முடியும், அவரால் முடியாது. இதில் சோம்பல் எங்கே வந்தது?

கே: வீட்டுப் பின்புறம் செம்பனைக் காடு. கோழிக்கூட்டருகே நாகப்பாம்பு வருகிறது. மஞ்சள்நீர் தெளித்தால் வராதா?
– வாசகி, சுங்கை சிப்புட்

ப: மஞ்சள்நீரைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். பாம்பு எலிக்கும் முட்டைக்கும் வருகிறது. சிந்திய தீவனத்தைக் கூட்டி அள்ளுங்கள், பலகைக் குவியலை அகற்றுங்கள். பாம்பைப் பார்த்தால் கண்ணை அதன்மேல் வைத்துத் தள்ளி நின்று 999-ஐ அழையுங்கள். பொதுத் தற்காப்புப் படையினர் வந்து பிடிப்பார்கள். கடித்துவிட்டால் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கூட்டின் கம்பிவலையில் விரல் நுழையும் ஓட்டை எதுவும் இல்லாமல் இன்றைக்கே அடைத்துவிடுங்கள்.